சந்தா நோட்டு

எங்கள் ஆலய வாசலில் நீல எழுத்தில் ஒரு பலகை தொங்குகிறது: ‘அனைவரும் வருக’. அதை எழுதிய பெயின்டருக்குக் கூலி கொடுத்த அன்றே அந்த வேலை முடிந்துவிட்டதென்று இருந்துவிட்டோம்.

பலகைக்குக் கீழே ஏழு படிகள். கைப்பிடி கிடையாது. பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பெரியவர் ஒருவர் நாலைந்து வாரம் இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறி வந்தார். அப்புறம் வரவில்லை. “பாவம், முடியல போல” என்று பேசிக்கொண்டோம். தென்பக்கம் ஒரு சாய்தளம் கட்டத்தான் செய்தோம். அது ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு போவதற்கு. ஜெனரேட்டர் ரூமோடு நின்றுவிடும், ஆலயத்துக்குள் வராது.

இதைச் சேகரக் குழுவில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், இருந்தவர்களும் இருப்பவர்களுமாகச் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். சி.எஸ்.ஐ. சபை, திருநெல்வேலிப் பக்கம். ஊர்ப் பெயர் போடவில்லை. பயத்தினால் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டோம், ஆனால் இந்தப் பக்கத்தில் பல ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்பதும் உண்மை. நாங்கள் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதில்லை. எங்களுடைய பெரிய சால்ஜாப்பே அதுதான். தள்ளியிருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும், சாட்சி இருந்திருக்கும், பிஷப்புக்குப் பெட்டிஷன் போயிருக்கும். நாங்கள் செய்தது வேறு. வராமல் போனவர்களை எண்ணவில்லை.

எண்ணவே இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்களிடம் ஒரு சந்தா நோட்டு உண்டு. குடும்பத்துக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு கட்டம். மூன்று கட்டம் காலியாக இருந்தால் பொருளாளர் கண்ணில் பட்டுவிடும். ஆறு கட்டமானால் வீட்டுக்கு ஆள் போகும். ஓர் ஆள் வராததை அந்த நோட்டு காட்டாது. வெளியூரிலிருந்து மகன் ஆன்லைனில் சந்தா கட்டிவிட்டால், கட்டிலோடு கிடக்கும் தாய் எங்கள் கணக்கில் நல்ல சபையார்.

அந்த நோட்டில் ஒரு குடும்பத்துக்கு மூன்று வருஷப் பாக்கி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் பாடகர் குழுவில் பாடியவன். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனையில் தனிப்பாட்டு என்றால் அவன்தான். பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனான். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்துத் தாயாரின் அடக்கத்துக்காகத் திரும்பி வந்தபோது அவர் திருநங்கை. வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்.

எங்கள் ஆலயத்தில் இன்றைக்கும் வடக்கே ஆண்கள், தெற்கே பெண்கள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வராந்தாவில் நின்றார். அங்கே நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் முதல் பெஞ்ச் துக்க வீட்டாருக்காக விட்டிருந்தது. ஆராதனை முடியும்வரை அது காலியாகவே கிடந்தது. அடக்க ஆராதனையை நடத்திய ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) புதிதாக மாற்றலாகி வந்தவர். பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஜெபத்தைத் தொடங்கினார்.

அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய். பாக்கி இருந்தால் துக்க மணி அடிப்பதற்கு முன்னால் தீர்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். அப்போது பொருளாளராக இருந்தவர் இதை எழுதுகிறவர்களில் ஒருவர். அவர்தான் கேட்டார். அவர் கேட்டபோது பக்கத்தில் நின்று ‘ஆமா, ஃபார்மாலிட்டிதானே’ என்றவர்களும் நாங்கள்தான். அந்த மகள் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீது எழுதும்போது பேனா நின்றது. என்ன பெயர் போடுவது? பொருளாளர் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ள பையன் பெயரைப் போட்டார். அந்த மகள் அதை வாசித்தார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு மணி அடித்தது.

தமிழ்நாடு அரசு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது 2008இல். ஒருவருடைய பாலினத்தை அவரே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. எங்கள் குடும்ப விவரப் படிவத்தில் இன்னும் ஆ, பெ என்று இரண்டே கட்டங்கள். மறு அச்சுக்குப் போன வருஷம்தான் அச்சகத்தில் கொடுத்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

வேதத்தைச் சாக்காகச் சொல்லவும் எங்களுக்கு வழியில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்திருக்கிறோம். எத்தியோப்பியர் ஒருவர் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார், பிலிப்பு ஓடிப்போய் ஏறிக்கொள்கிறார், வழியில் தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானம். பிள்ளைகள் ரதத்துக்குச் சிவப்பும் குதிரைக்குக் கறுப்பும் தீட்டுவார்கள். எங்கள் பழைய மொழிபெயர்ப்பு அவரை ‘மந்திரி’ என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர்) என்று பொருள்படும் சொல். அண்ணகர் என்ற சொல் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. அதே வேதாகமத்தில் ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் அண்ணகன் என்றே இருக்கிறது. மந்திரி வாசித்துக்கொண்டிருந்தது 53ஆம் அதிகாரம். இன்னும் மூன்று அதிகாரம் தள்ளிப் படித்தால், தம்முடைய ஆலயத்தில் அண்ணகருக்கு மகன்களையும் மகள்களையும்விட மேலான பெயரைக் கொடுப்பதாகக் கடவுள் சொல்லும் இடம் வரும். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆலய வாசலில் தயங்கி நின்றவர்கள் என்ற அளவில் உறவு உண்டு. எங்களுக்கு அவர் மந்திரியாக இருந்ததே சௌகரியம். மந்திரிக்கு எந்த ஆலயத்திலும் முதல் பெஞ்ச் கிடைக்கும்.

அட, இந்த மண்ணின் கதையையாவது நினைத்திருக்கலாம். திருநெல்வேலிச் சபையின் ஆரம்பமே பாளையங்கோட்டை கிளாரிந்தா அம்மாள்தான். தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது மணமாகாத அந்த வாழ்க்கையைக் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் கொடுத்தார். மறுக்கப்பட்ட காலத்திலும் அந்த அம்மாள் சும்மா இருந்துவிடவில்லை என்று சொல்வார்கள். சுற்றியிருந்தவர்களுக்குத் தனக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1780இல் எழுதிய சபைப் பட்டியலில் 40 பேர், பல சாதியார். முதல் பெயர் கிளாரிந்தா. அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. ஊர் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறது. ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் இந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வாசலில் நின்றவரால் வந்த சபை நாம் என்பதை ஒருவரும் கூட்டிப் பார்த்ததில்லை.

பெருமை பேசுவதற்கு இன்னொன்றும் வைத்திருக்கிறோம். காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் மிஷனரிப் பெண்கள் பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் சபையில் காது கேளாத அண்ணன் ஒருவர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஐயரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சைகை மொழி தெரிந்த ஆசிரியை ஒருவர் அதே சபையில் இருக்கிறார், இரண்டு பெஞ்ச் தள்ளி. அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றப் பதினோரு வருஷம் ஆனது. கேட்டதும் சரி என்றார்.

சாதி விஷயத்துக்கு வந்தால் எழுதக் கை கூசுகிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் அதைப் பொறுக்காமல் சபையைவிட்டே போனவர்கள் உண்டு. எங்கள் ஆட்கள் போகவில்லை. உள்ளேயே இருந்துகொண்டு சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள், எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் சேகரத்தில் ஒரே ஒரு தெருவுக்குத் தனி ஆலயம், கிளைச் சபை என்று பெயர். தலைமை ஆலயத்துக்கும் அதற்கும் முக்கால் கிலோமீட்டர்கூட இராது. ஏன் தனி என்று கேட்டால் வசதிக்கு என்போம். யாருடைய வசதி என்று இதுவரை கேட்டவரில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956இல் கொடுத்தார்கள், பௌத்தருக்கு 1990இல். நமக்கு ஏன் இல்லை என்றால், கிறிஸ்தவத்தில்தான் சாதி கிடையாதே என்பது சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. எங்கள் சேகரத் தேர்தலை ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வருஷத்துக்கு ஒருநாள் அசன விழா. பந்தியில் எல்லோரும் ஒரே வரிசை. சோறு, சாம்பார், கூட்டு. அந்த ஒருநாளைக் காட்டித்தான் மிச்ச நாட்களையெல்லாம் ஓட்டிவிடுகிறோம். பந்தியில் சமம் உண்டு, மறுக்கவில்லை. பரிமாறும் வாளியை யார் கையில் கொடுக்கிறோம், அண்டாவை யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பழைய ஜெபப் புத்தகத்தின் பாவ அறிக்கை, செய்த தப்புக்கு முன்னால் செய்யாமல் விட்டதை வைக்கிறது. அந்த முதல் பாதியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு இரண்டாம் பாதிக்குத்தான் நெஞ்சில் கை வைத்து வந்திருக்கிறோம்.

போன மாதக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். சாய்தளத்தை ஆலயம்வரை நீட்டத் தீர்மானம் போட்டாயிற்று. படிவம் மாறும். கிளைச் சபை பற்றிய பேச்சு வந்தபோது இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அது அப்படியே நிற்கிறது. ரசீதைத் திருத்தி எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றபோது யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லை. இப்போது என்ன பெயர் வைத்திருக்கிறார் என்றும் தெரியவில்லை.

டீ கொண்டுவந்த கோவில்குட்டியாரிடம் (ஆலயப் பணியாளரை அப்படித்தான் சொல்வோம்) இருந்தது. அவர் கிளைச் சபைத் தெருக்காரர். இருபத்திரண்டு வருஷமாக மணி அடிக்கிறார். பெயரையும் சொன்னார், நம்பரையும் சொன்னார். வருஷா வருஷம் அசனத் தேதியை அவர்தான் கூப்பிட்டுச் சொல்லிவந்திருக்கிறார்.

“சொன்னா வருவாங்களா?” என்று கேட்டோம்.

“எல்லா வருசமும் வாராவளே. பின்னால ஏனம் கழுவுற இடத்துல எங்ககூட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவா. நீங்க பாத்ததில்லையா?” என்றார், காலி டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டே.