கிளிப் ஓடுது, சம்பளம் ஓடலை: வடிவேல் பாலாஜி விட்டுச்சென்ற கேள்வி

வடிவேல் பாலாஜி இறந்து அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. ஆனா உங்க போன்ல அவர் இன்னும் பெண் வேஷத்துல வந்து, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைச் சிரிக்க வெச்சுக்கிட்டுதான் இருக்கார். யூடியூப்ல ஒண்ணு பார்த்தா அடுத்து அஞ்சு தானா வருது. பேர் தெரியாதவங்களுக்குக்கூட முகம் தெரியும்.

அந்த கிளிப்கள் இன்னைக்கும் யாருக்கோ வருமானம் தருது. அதுல நடிச்சவருக்கு அல்லது அவர் குடும்பத்துக்கு அதுல பங்கு உண்டா? சின்னத்திரை காமெடியன்களைப் பத்திப் பேசும்போது நாம பெரும்பாலும் கேட்காத கேள்வி இதுதான்.

இன்னொருத்தர் முகம், தன்னோட உழைப்பு

மதுரைக்காரரான பாலாஜிக்கு அடையாளமே வடிவேலுதான். விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' மேடையில் வடிவேலுவின் குரலையும் உடல்மொழியையும் அப்படியே கொண்டுவந்து கவனம் ஈர்த்தார். பிறகு 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்று அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. போட்டியாளர்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கணும், காமெடியன்கள் அவர்களைச் சிரிக்க வைக்கணும். ஸ்கிரிப்ட் பாதி, அந்த நேரத்துல அடிக்கிற கவுன்ட்டர் பாதி.

2011 தேர்தலுக்குப் பிறகு பல வருஷம் வடிவேலுவைத் திரையில் அரிதாகத்தான் பார்த்தோம். அந்த இடைவெளியில் டிவி பார்த்த குழந்தைகளுக்கு, வாராவாரம் வந்த வடிவேலு இந்த பாலாஜிதான். மிமிக்ரியாக ஆரம்பிச்சது கொஞ்சம் கொஞ்சமா அவரோட சொந்த பாணியா மாறுச்சு. சில படங்களில் சின்ன வேடங்களும் கிடைச்சது. ஆனா ஹீரோவோட நண்பன் என்கிற பெரிய இடம் கடைசிவரை வரலை.

2020 செப்டம்பர் 10 அன்று, 45 வயதில் அவர் இறந்தார். மாரடைப்பால் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், கடைசியில் அரசு மருத்துவமனையில்தான் உயிரிழந்தார். சிகிச்சைச் செலவைத் தாங்க முடியாமல் மாற்றினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அவருடைய பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வதாக, அதே மேடையில் இருந்து போன சிவகார்த்திகேயன் முன்வந்தார். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு கலைஞரின் குடும்பத்துக்குப் பாதுகாப்பு, அவரோட நண்பர் ஸ்டார் ஆகியிருக்கிறாரா என்பதைப் பொறுத்தா இருக்கணும்?

அவர் மட்டும் இல்லை

'கலக்கப்போவது யாரு' ஆரம்ப நாட்களின் நட்சத்திரம் கோவை குணா 2023 மார்ச்சில் இறந்தார். 'லொள்ளு சபா' சேஷு 2024 மார்ச் 26 அன்று போனார். 'வடக்குப்பட்டி ராமசாமி' படத்தில் அவரைப் பார்த்துத் தியேட்டரே சிரிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. உடம்பு முழுக்க வெள்ளி பெயின்ட் பூசிக்கிட்டு ரோபோ டான்ஸ் ஆடி, அதையே பேராக வாங்கிய ரோபோ சங்கர் 2025 செப்டம்பர் 18 அன்று 46 வயதில் இறந்தார்.

நாலு பேரோட உடல்நிலையும் வேற, பொருளாதார நிலையும் வேற. எல்லோரையும் சேர்த்து 'வறுமையில் வாடிய கலைஞர்கள்' என்று எழுதினா அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனா நாலு பேரும் வேலை பார்த்த முறை ஒண்ணுதான். அதைத்தான் கவனிக்கணும்.

காசு எங்கிருந்து வருது?

டிவி ஷோவுல சம்பளம் வழக்கமா எபிசோடுக்கு இவ்வளவு அல்லது நாளுக்கு இவ்வளவு என்ற கணக்குதான். துணை காமெடியன்களுக்கு அது பெரிய தொகை கிடையாது. டிவி தருவது முகத்துக்கு விளம்பரம். அந்த முகத்தை வெச்சு கோயில் திருவிழா, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கடை திறப்பு விழா, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்க மேடைன்னு சுத்தினாத்தான் வீட்டுக்கு நாலு காசு வரும். அவங்க பாஷையில் இதுக்குப் பேர் 'புரோகிராம்'.

புரோகிராமுக்கு சீசன் உண்டு. பங்குனி, சித்திரை, ஆடியில் ஒரே ராத்திரியில் ரெண்டு ஊர். மத்த மாசங்களில் போன் மணி அடிக்கிறதே அபூர்வம். ராத்திரிப் பயணம், நேரம் தவறிய சாப்பாடு, உடம்பு முடியலைன்னாலும் வாங்கின அட்வான்ஸுக்காக மேடை ஏறுறது. இதுல லீவுக்குச் சம்பளம் கிடையாது, பி.எஃப் கிடையாது. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தப்போ மேடையும் ஷூட்டிங்கும் ஒரே நேரத்துல நின்னுச்சு. திருவிழா சீசனே மொத்தமாகப் போச்சு.

சந்தானம், சிவகார்த்திகேயன், யோகி பாபு எல்லோரும் டிவியில் இருந்துதானே வந்தாங்கன்னு கேட்கலாம். உண்மைதான். அந்த மூணு பேரை நினைச்சுத்தான் முந்நூறு பேர் குறைஞ்ச காசுக்கும் சரின்னு மேடை ஏறுறாங்க. அப்படி ஏறுகிறவர்களை வெச்சுத்தான் மொத்த காமெடி ஷோவும் ஓடுது.

சட்டம் என்ன சொல்லுது?

ஆச்சரியமா இருக்கும், நம்ம நாட்டில் இதுக்குச் சட்டம் இருக்கு. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், பதிவான ஒரு நடிப்பு வணிகரீதியாகப் பயன்படும்போது அதை நிகழ்த்திய கலைஞருக்கு ராயல்டி உரிமை உண்டு என்கிறது. பாடகர்கள் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2013-லேயே தங்களுக்கென ஒரு ராயல்டி அமைப்பைத் தொடங்கிட்டாங்க. நகைச்சுவைக் கலைஞர்கள் அப்படித் திரளலை. தனித்தனியா நின்னு ஒரு பெரிய சேனல்கிட்ட ராயல்டி கேட்கிறவரை அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவாங்களா? அந்தப் பயம்தான் சட்டத்தைக் காகிதத்திலேயே வெச்சிருக்கு.

அமெரிக்காவில் பழைய ஷோ திரும்ப ஒளிபரப்பானா சின்ன வேடத்தில் நடிச்சவருக்கும் ஒரு தொகை போகும். ஓடிடியில் அது சுருங்கிப்போனதும் 2023-ல் நடிகர்கள் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செஞ்சதுக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அங்கேயும் யாரும் தானா தூக்கிக் கொடுக்கலை.

சரி, மருத்துவக் காப்பீடு? தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருது. ஆனா குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும், அதாவது மாசம் பத்தாயிரம். சீசனில் நாலு புரோகிராம் கூடுதலாகக் கிடைச்சாலே அந்த வரம்பைத் தாண்டிடுவோம். தனியார் பாலிசி எடுத்தா பிரீமியம் தவறாமல் கட்டணும். வருமானம் தவறித் தவறி வர்றவங்க எப்படிக் கட்டுவாங்க? ஏழைக்கான திட்டத்துக்கும் பணக்காரருக்கான பாலிசிக்கும் நடுவுல மாட்டுறவங்க இவங்கதான்.

இப்போ ஒரு கதவு திறந்திருக்கு

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் அமலுக்கு வந்தது நினைவிருக்கும். ஐடி ஊழியர், டெலிவரி பார்ட்னர் பற்றித்தான் அதிகம் பேசினோம். அதுல பணிப் பாதுகாப்பு தொடர்பான தொகுப்பில் 'ஆடியோ விஷுவல் தொழிலாளர்' என்று ஒரு பிரிவு இருக்கு. சினிமா மட்டும் இல்லாம டிவி, வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோவும் அதுக்குள்ள வருது. அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்குள் இருக்கிற கலைஞரை எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது. சம்பளம், வேலை நேரம், நலவசதி எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கணும்.

வரம்பு எவ்வளவு, யார் கண்காணிப்பது என்பதில்தான் இதோட பலன் இருக்கு. ராயல்டி பிரச்னையை இது நேரடியாகத் தீர்க்காது. இருந்தாலும் 'வாய்வார்த்தைதான் ஒப்பந்தம், தேதி சொன்னா வந்துடு' என்று ஓடின ஒரு தொழிலில், கையில் ஒரு காகிதம் இருப்பதே பெரிய மாற்றம். அந்தக் காகிதத்தில் 'இந்த கிளிப் வேறு தளத்தில் ஓடினா இவ்வளவு பங்கு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஒருத்தர் கேட்டா வாய்ப்பு போகும். நாற்பது பேர் சங்கமா சேர்ந்து கேட்டா ஷோவே நடக்காது.

இன்னைக்கு ரீல்ஸ் போட்டு, ஸ்டாண்ட்-அப் பண்ணி, அடுத்த டிவி ஷோ ஆடிஷனுக்குத் தயாராகிற பசங்க நிறைய பேர் இதைப் படிச்சுக்கிட்டிருப்பீங்க. முதல் எபிசோடு கிடைச்ச சந்தோஷத்துல நீட்டின இடத்துல கையெழுத்துப் போடத்தான் தோணும். போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, கிளிப் யாருக்குச் சொந்தம்னு அதுல எழுதியிருக்கிறதை ஒரு தடவை படிச்சிடுங்க.