வாடகை வீட்டின் அடுப்படி

குரோம்பேட்டையில் சித்தப்பா வீட்டு மாடி போர்ஷன் காலியாகியிருக்கிறது. "மாடுலர் கிச்சன் போட்டா வாடகை ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. நீ என்னம்மா சொல்ற?" என்று போனில் கேட்டார். பென்ஷனோடு அந்த வாடகையும் சேர்ந்தால்தான் அவர் வீட்டில் மாதம் ஓடும். அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னேன்: "போடுங்க சித்தப்பா. ஆனா அதுக்கு முன்னாடி நாலு வேலை இருக்கு."

முதல் வேலை கரன்ட். பழைய வீடுகளின் அடுப்படியில் லைட்டுக்கு ஒரு சுவிட்ச், மிக்ஸிக்கு ஒரு பிளக், அவ்வளவுதான் இருக்கும். இன்று குடிவருகிற குடும்பத்திடம் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஃபில்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாம் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடேறி உருகும். மேடைக்கு மேலே மூன்று நான்கு பிளக்குகள், அவற்றில் குறைந்தது இரண்டு 16 ஆம்பியர், அவற்றுக்கென்று போர்டிலிருந்து தனி லைன், சரியான எர்த், ஷாக் அடித்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி எல்லாம் வேண்டும். இவை கண்ணில் படாத செலவுகள்தாம். ஆனால் ஈரக்கையோடு வேலை செய்கிறவரின் உயிரைக் காப்பவை.

இரண்டாவது தண்ணீர். சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மெட்ரோ வாட்டர் வருமா என்றுதான். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாய், பாத்திரம் துலக்கப் போர் தண்ணீர்க் குழாய் என்று சிங்க் அருகில் இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஃபில்டர் மாட்டச் சுவரில் இடமும், அதன் கழிவுநீர் போக வழியும் வேண்டும். பெரிய குக்கரும் இட்லிப் பானையும் முழுதாக உள்ளே இறங்குகிற ஆழமான ஸ்டீல் சிங்க் வையுங்கள்.

மூன்றாவது காற்று. நம் சமையலில் தாளிப்பு இல்லாத நாள் இல்லை. மிளகாய் நெடி கூடத்துக்கு வராமல் வெளியே போக, அடுப்புக்கு நேர் மேலே நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். சிமினி கட்டாயமில்லை. இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடுகிறவர்கள், அந்தக் கதவின் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத்துக்குத் துளைகள் விட வேண்டும். அறையிலும் தரையோரமாகக் காற்று வெளியேற வழி இருப்பது நல்லது.

நான்காவது மேடை. பழைய வீடுகளில் கடப்பாக்கல் பதித்திருப்பார்கள். அது சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டுப்பட்டு அரித்துப்போகும். பளிங்கும் அப்படித்தான், மஞ்சள் கறையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிரானைட் இரண்டையும் தாங்கும். டைல்ஸை மேடைக்கு மேல் இரண்டடியோடு நிறுத்தாமல் லாஃப்ட் வரை ஒட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு சுவரில் ஏறாது, ஆள் மாறும்போதெல்லாம் அங்கே பெயின்ட் அடிக்கும் செலவும் மிச்சம்.

இந்த நான்கும் முடிந்த பிறகு கையில் பணம் இருந்தால் மாடுலர் போடலாம். அப்போதும் மரத்தூள் பலகை வேண்டாம். சிங்க் அடியில் ஒருமுறை ஒழுகினால் ஊதிப்போகும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும். கல் ஷெல்ஃபும் அலுமினியக் கதவும் இன்னும் மலிவு, கரையானுக்கும் பயமில்லை.

செலவு திரும்புமா என்று சித்தப்பா கேட்டார். வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 ஏற்றினால் ஆண்டுக்கு 18,000 கூடுதலாக வரும். வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 20,000 போய்விடும். அதற்குமேல் புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு. ஆகவே அடுப்படிக்குப் போடும் பணத்தின் உண்மையான பலன் வாடகை உயர்வில் இல்லை. நல்ல குடும்பம் ஒன்று காலி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பதில்தான் இருக்கிறது.

நான் சொன்ன வேலைகளில் கரன்ட், தண்ணீர் இரண்டையும் சட்டமும் கவனிக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் ஒயரிங்கையும் மாற்றித் தருவதை உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. குழாய்த் திருகு, சுவிட்ச் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை. குடியிருக்கும்போதே புதிதாக ஏதாவது செய்து கொடுத்தால், இருவரும் பேசி ஒப்புக்கொண்ட அளவுக்கு வாடகையை உயர்த்தலாம். வருமான வரிக் கணக்கிலோ, வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம், உண்மையில் எவ்வளவு செலவழித்தோம் என்று பார்க்காமலே கழித்துத் தரப்படுகிறது. அதில் ஒரு பங்காவது அந்த வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டாமா?

"வாடகைக்குத்தானே" என்ற ஒரு சொல்லால் எத்தனை அடுப்படிகள் பாழாகியிருக்கின்றன! மிஞ்சிய டைல்ஸ், மலிவான குழாய், ஜன்னல் இல்லாத மூலை எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. அங்கே காலையிலும் மாலையிலும் மணிக்கணக்கில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு பெண். வேலைக்குப் போய்வந்து மறுபடி அடுப்பின் முன் நிற்பவர். வீட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லப்போவதும், மாற்றிவிடலாம் என்று முதலில் சொல்லப்போவதும் அவர்தான்.

வீடு வாடகைக்கு விடுகிற எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டு-லெட் போர்டு மாட்டுவதற்கு முன், அந்த அடுப்படியில் நீங்களே ஒரு வேளை சமைத்து, பாத்திரம் துலக்கிப் பாருங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதைச் செய்துவிட்டு வாடகை கேளுங்கள்.