கல்பாசி வீட்டுப் பந்தி

குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு சிட்டிகை கல்பாசி போடுகிறீர்களே, அதை ஒரு தடவையாவது உற்றுப் பார்த்ததுண்டா? சருகு மாதிரி இருக்கும். ஆனால் இலையும் அல்ல, பூவும் அல்ல. ஒரு காளானும் ஒரு பாசியும் கூடி நடத்தும் குடித்தனம் அது! பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. காளான் வீடு கட்டிக் கொடுத்து ஈரத்தைக் காக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு வேர் கிடையாது. மரப்பட்டையிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, மழையும் காற்றும் கொண்டு வருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக் கொள்ளும். நல்ல சத்து வந்தாலும் சரி, ஆலைப் புகையோடு நிக்கல், செம்பு, காரீயம் வந்தாலும் சரி, வேண்டாமென்று கதவைச் சாத்தத் தெரியாது.

பின் எப்படிப் பிழைக்கிறது என்கிறீர்களா? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். போட்ட இலைகள் இத்தனைதான். எல்லா இலைகளிலும் வேண்டியவர்கள் உட்கார்ந்து விட்டால், அழையாத விருந்தாளிக்கு இடம் ஏது? கல்பாசி இனங்களின் உயிரணுச் சுவரிலும் உலோகங்கள் ஒட்டும் இடங்கள் ஓர் அளவுதான். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அங்கே நிறைய இருந்தால், விஷ உலோகத்துக்கு இடம் குறைகிறது.

ஆனால் எல்லா விருந்தாளியும் ஒரே மாதிரியா? நிக்கல் உருக்கும் ஊரான கனடாவின் ஸட்பரியில், லாரென்ஷியன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1973-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நிக்கலையும் துத்தநாகத்தையும் விடக் காரீயமும் செம்பும் இறுகப் பற்றிக் கொள்கின்றன. அவை உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டு இலையைப் பிடிக்கும் முரட்டு ஆசாமிகள்! செம்பு அளவு மீறினால் உயிரணுவின் சவ்வு பழுதாகி, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். கசிவை அளந்தே சேதத்தைச் சொல்லிவிடலாம்.

ஆகவே, வாசல் மரத்தில் இருக்கிறதே என்று சுரண்டிச் சமையலில் போட்டுவிடாதீர்கள். எத்தனை கழுவினாலும் உள்ளே பற்றிய உலோகம் போகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் குழந்தைகளின் உடம்பிலும் இதே மாதிரிப் போட்டி நடக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் குடல், காரீயத்தை அதிகமாக உறிஞ்சிக் கொள்கிறது. இரத்தத்தில் காரீயம் ஏறிய குழந்தைக்கு இச்சத்துகள் போதாமலிருந்தால் அவற்றைத் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியிருக்கிறது. கேழ்வரகு, கீரை, எள், மோர் எல்லாம் வெறும் வயிற்றை நிரப்ப மட்டும் அல்ல என்பது புரிகிறதல்லவா?

அதற்காகக் கீரை கொடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது. முரட்டு விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவதுதான் உத்தமம். காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இல் நின்றுவிட்டது. ஆனால் மண்ணில் விழுந்த காரீயம் மக்கிப் போவதில்லை. பழைய சுவரில் உரியும் பெயிண்டைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். சாப்பிடுமுன் கையைக் கழுவச் சொல்லுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பாறையில் ஒட்டிக் கிடக்கும் கல்பாசியால் எழுந்து வேறு இடம் போக முடியாது. வருவதை ஏற்கத்தான் வேண்டும். உங்கள் குழந்தைக்கு அந்தக் கதி இல்லை. வாசலைக் காக்க நீங்கள் இருக்கிறீர்கள்!