'மாத்திப் பாத்துடலாம் சார்' - இது ரிப்பேரா, மங்காத்தாவா?

பழைய கார் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். "பேட்டரியை மாத்திப் பாத்துடலாம் சார்." சரியாகலையா? "அப்போ ஆல்டர்னேட்டரா இருக்கும், மாத்திப் பாத்துடலாம்." அதுவும் இல்லையா? ஸ்டார்ட்டர் மோட்டார். பார்ப்பது அவர், பணம் கொடுப்பது நாம். இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லைங்க. நம்ம காசில் அவர் ஆடும் மங்காத்தா.

முழுசாகச் செத்துப்போன ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம். ஹார்ன் அடிக்கவே இல்லையா? ஃபியூஸ், ரிலே, ஒயர், ஹார்ன் என்று வரிசையாகப் பார்த்தால் முடிந்தது. தலைவலியே விட்டு விட்டு வரும் கோளாறுதான். காலையில் ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு எடுத்தால் 'டிக்' சத்தத்தோடு சரி. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் ஹெட்லைட் கண்ணடிக்கும். மழை பெய்தால் மட்டும் வைப்பர் ஓடாது (மற்ற நாளில் ஓடி யாருக்கு என்ன லாபம்!). ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனால் அன்றைக்குப் பார்த்து எல்லாம் ஒழுங்காக இருக்கும், விருந்தாளி முன்னால் நல்ல பிள்ளை மாதிரி.

விட்டு விட்டு காய்ச்சல் வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். "கிட்னியை மாத்திப் பாத்துடலாம்" என்று சொன்னால் சும்மா விடுவோமா? காருக்கு மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். இருபது வயது தாண்டிய பெட்ரோல் கார், அதே 'டிக்' கோளாறு. ஒரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) பேட்டரி 4,200, ஆல்டர்னேட்டர் ரீகண்டிஷன் 3,500, ஸ்டார்ட்டர் 2,800. ஆக மொத்தம் 10,500 ரூபாய். கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாச்சி, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு "தம்பி, செல்ஃப் அடிங்க" என்றார். மீட்டர் 1.8 வோல்ட் காட்டியது. இன்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் பட்டை களிம்பு ஏறி, பாதி இழை அறுந்து கிடந்தது. புதுப் பட்டையும் கூலியும் சேர்த்து 450 ரூபாய்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. காரில் பெரும்பாலான சர்க்யூட்டுகளில் பிளஸ்ஸுக்குத்தான் தனி ஒயர். கரண்ட் திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பே. ஆனால் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்ட் மேல். ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது, அதனால்தான் அந்தப் பட்டை. சின்ன காரின் ஸ்டார்ட்டரே 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 ஆம்பியரை 0.018 ஓம் தடையால் பெருக்குங்கள், 1.8 வோல்ட். ஓம் 1827-ல் எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கு! 12 வோல்ட்டில் அவ்வளவு வழியிலேயே தொலைந்தால் சூடான இன்ஜினை ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்? சில பழைய கார்களில் பட்டை போனால், அந்தக் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி வந்து கேபிளே சூடாகும்.

இன்னொன்று. மீட்டரை ஓம் அளவில் வைத்து அந்தப் பட்டையைப் பார்த்தால் 'நல்லா இருக்கு' என்றுதான் காட்டும். சாதாரண மீட்டருக்கு 0.018 எல்லாம் தெரியாது. ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் பாஸ்! கரண்ட் ஓடும்போது எங்கே வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் வேறு எதையும் தொடாதீர்கள், முதலில் அதைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. ஒர்க்‌ஷாப் பில்லில் பாகத்துக்கு ஒரு வரி, மாட்டின கூலிக்கு ஒரு வரி. தேடினதற்கு வரியே கிடையாது. பாகத்தில் லாபம் உண்டு, தேடுவதில் கிடையாது. ஊகம் சரியானால் பேர் அவருக்கு, தப்பானால் நஷ்டம் நமக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டில் எவன் மீட்டரை எடுப்பான்? எங்கள் பாடத்தில் இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டுப் பிழையைத் தேடச் சொல்கிறார்கள். "கல்லாப்பெட்டியை மாத்திப் பாத்துடலாம்" என்று யாரும் சொல்வதில்லை.

மெக்கானிக்குகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 4,200 ரூபாய் பேட்டரிக்கு மூச்சு விடாமல் பணம் எண்ணுகிற நாம், "ஒரு மணி நேரம் தேடினேன், 400 குடுங்க" என்றால் "என்னத்தை மாத்தினீங்க? சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று சண்டைக்குப் போகிறோம். மூளைக்குக் காசு இல்லை, இரும்புக்கு மட்டும்தான் காசு என்றால் அவர் இரும்பைத்தான் விற்பார்.

"நாங்க பார்க்கும்போது கோளாறு வரலையே" என்பது மட்டும் சாக்கு. வராவிட்டால் வரவழைக்கணும். ஓடுகிற இன்ஜினில் ஒயர் கட்டை அசைத்துப் பாருங்கள். ரிலேவுக்கு ஹேர் டிரையர் பிடியுங்கள். கனெக்டரில் தண்ணீர் தெளியுங்கள். கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் உறைக்குள் ஒயர் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள். விட்டு விட்டு வருகிற கோளாறுக்குப் பின்னால் பெரும்பாலும் சூடு, அதிர்வு, ஈரம் மூன்றில் ஒன்று இருக்கும்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது வந்தது, இன்ஜின் சூடா, மழையா, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். யாராவது 'மாத்திப் பாத்துடலாம்' என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதை அளந்தீங்க, எவ்வளவு காட்டுச்சு?" நம்பர் சொன்னால் மாற்றச் சொல்லுங்கள். தேடின நேரத்துக்கு முகம் சுளிக்காமல் காசு கொடுங்கள். நம்பர் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிகள். இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றை வைத்திருப்பது புதுக்கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள். அவர்களிடம் போய் ஊகத்துக்கு பில் போடுவதைத் திறமை என்று என்னால் சொல்ல முடியாது.

பி.கு.: ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடாதீர்கள், டையோடும் மற்ற எலக்ட்ரானிக்ஸும் போய்விடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் போதும். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம்.