முன்பாரமும் முப்பத்தைந்து பவுண்டும்

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுவதைச் சிறு வயதில் வேடிக்கை பார்த்திருக்கும் நேயர்களுக்கு இந்த வாரத்து விஷயத்தில் பாதி முன்னமே தெரியும். கடைசி மூட்டை ஏறியதும் வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அது பூப்போல மேலே எழும்பினால், "பின்பாரம்" என்று சொல்லி ஒரு மூட்டையை முன்னால் தள்ளச் சொல்லுவார். தூக்கவே முடியாமல் கனத்தால் "முன்பாரம்". மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும் என்று அதே மூட்டையைப் பின்னால் தள்ளச் சொல்லுவார். தராசும் இல்லை, கணக்குப் புஸ்தகமும் இல்லை. ஆயினும் அவர் செய்த சோதனையைத்தான் இன்று அமெரிக்காவில் லாரி வாங்குகிறவர்கள் பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். படிக்காதவர்கள் வேறு விதமாகத் தெரிந்துகொள்கிறார்கள்.

டெக்ஸாஸ் மாகாணத்தில் வெகு காலமாக வசித்துவரும் நமது நண்பர் ஒருவர் இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்தவர். அவரிடம் ஒரு பிக்-அப் லாரி இருக்கிறது. 'அரை டன்' வண்டி என்று அந்த ஊரில் சொல்லுகிறார்கள். (அரை டன்தான் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. பழைய காலத்தில் வைத்த பெயர், வண்டி வளர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது.) அதன் பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய ஒரு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பிரயாணம் கிளம்புவது அவர் வழக்கம். இந்தத் தடவை கிளம்புவதற்கு முன் பழைய டயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் இருந்தவற்றுள்ளேயே பலமான, விலை ஜாஸ்தியான டயர்களாக நான்கு வாங்கி மாட்டினார். ஜூலை மாதத்து வெயில். புறப்பட்ட மூன்றாவது மணி நேரத்தில் பின்பக்கத்து வலது டயரின் மேல் தோல், வாழைப்பட்டை உரிவது போல் உரிந்து வந்துவிட்டது. டிரெய்லர் இரண்டு தடவை வாலை ஆட்டியது. சாலையோரம் அகலமாக இருந்ததால், வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டார். உள்ளே மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

"இருந்ததிலேயே பலமான டயரை வாங்கினேன். அதுவே ஏன் போயிற்று? பழைய டயர் நான்கு வருஷம் இதே டிரெய்லரை இழுத்ததே!" என்று கேட்டு எழுதியிருந்தார். நாம் பதிலாக ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்டோம்: புது டயரில் எவ்வளவு காற்று அடித்திருந்தது? "35 பவுண்டு. கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கடைக்காரரும் அதைப் பார்த்துத்தான் அடித்தார்" என்று பதில் வந்தது.

விஷயம் அங்கேயே இருக்கிறது. பலமான டயரை வாங்கியதனாலேயே அவர் அபாயத்துக்குள் போனார். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆகையால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அவர் கழற்றிப் போட்டது 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் டயர். பிரயாணிக் கார் ஜாதி. மாட்டியது 'எல்.டி.' என்று தொடங்குவது. இலகு லாரி ஜாதி. அளவு இரண்டுக்கும் ஒன்றுதான்: 245/75ஆர்16. அதாவது அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு, 'ரேடியல்' கட்டுமானம், 16 அங்குலச் சக்கரம். இதற்குப் பிறகு வரும் எண்தான் முக்கியம். பி ஜாதி டயரில் 109 என்றிருக்கும். அது 1030 கிலோ சுமக்கும் என்பதற்குக் குறி. நண்பர் வாங்கிய எல்.டி. டயரில் 120/116 என்றிருக்கிறது. ஒற்றைச் சக்கரமானால் 1380 கிலோ. ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் பூட்டும் பெரிய வண்டியானால் ஒவ்வொன்றுக்கும் 1260 கிலோ. அதற்கும் பிறகு சி, டி, ஈ என்று ஒரு எழுத்து வரும். முற்காலத்தில் பருத்தி நூல் துணியை அடுக்கி டயர் செய்த நாளில் 6 அடுக்கு, 8 அடுக்கு, 10 அடுக்கு என்று எண்ணியதன் மிச்சம் இது. இப்போது உள்ளே அத்தனை அடுக்குக் கிடையாது. சி என்றால் 50 பவுண்டு, டி என்றால் 65, ஈ என்றால் 80 பவுண்டு காற்றைத் தாங்கி அதற்கேற்ற பாரத்தைச் சுமக்கும் என்று வைத்துக்கொண்டால் போதும். நண்பருடையது ஈ.

இந்த 1380 கிலோவை டயர் எப்போது சுமக்கும்? 80 பவுண்டு காற்று உள்ளே இருக்கும்போது. டயர் என்பது ஒரு பை. பாரத்தை ஏந்தி நிற்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோஸியேஷன் என்ற ஸ்தாபனம் எந்த டயர் எத்தனை பவுண்டில் எத்தனை பாரம் சுமக்கும் என்று அட்டவணை போட்டு வெளியிடுகிறது. அதன்படி இதே எல்.டி. டயர் 50 பவுண்டில் 1000 கிலோ சுமக்கும். 35 பவுண்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 770 கிலோதான். பழைய பி டயரோ 35 பவுண்டிலேயே தன் முழு 1030 கிலோவை எட்டிவிடும். லாரியில் மாட்டும்போது கார் டயரின் சுமையை 1.1ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படிக் குறைத்தாலும் 936 கிலோ நிற்கிறது. ஆகவே, ஒரே காற்றில் மெல்லிய டயர் 936, தடித்த டயர் 770! தடித்த சுவரை விறைப்பாக நிறுத்துவதற்கு அதிகக் காற்று வேண்டியிருக்கிறது. கதவுச் சீட்டில் எழுதியிருக்கும் 35 பவுண்டு, தொழிற்சாலையில் பூட்டி அனுப்பிய பி டயருக்கு விதித்தது. ஜாதி மாறினால் சீட்டு செல்லாது. இதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, அந்த டயரின் மேல் உண்மையில் எவ்வளவு பாரம் விழுந்தது என்று பார்க்கலாம். இங்கேதான் நம் வண்டிக்காரர் மறுபடியும் வருகிறார். சாமானுடன் நண்பரின் டிரெய்லர் 2500 கிலோ. அந்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு ஏர்க்காலின் வழியாக லாரியின் கொக்கியில் இறங்க வேண்டும். இது குறைந்தால் பின்பாரம். வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். நண்பர் கணக்கில் பன்னிரண்டு பங்கு, அதாவது 300 கிலோ. அது சரியானதுதான். ஆனால் அந்த 300 கிலோ பின் அச்சின் மேல் 300 கிலோவாக விழுவதில்லை. கொக்கி, பின் அச்சுக்கும் பின்னால் ஒண்ணேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் மூன்றே முக்கால் மீட்டர். ஏற்றமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனையை மிதித்தால் மறு முனை எழும்புகிறது. இங்கே முன் அச்சில் 100 கிலோ எழும்பி, அதுவும் சேர்ந்து பின் அச்சில் விழுகிறது. 300 என்பது 400 ஆகிவிட்டது. முன் சக்கரங்களோ லேசாகித் திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் சற்று அசட்டையாகிவிட்டன. பாரத்தைப் பகிர்ந்து முன்னே அனுப்பும் வில்தண்டுக் கொக்கி ஒன்று உண்டு. நண்பரிடம் அது இல்லை.

குடும்பமும் சாமானும் ஏறிய லாரியின் பின் அச்சில் டிரெய்லர் பூட்டும் முன்பே 1350 கிலோ இருந்தது. 400 சேர்ந்து 1750. ஒரு டயருக்கு 875. பழைய டயர் சுமந்திருக்கும். புது டயருக்கு 100 கிலோவுக்கு மேல் அதிகம். முழுப் பலத்தில் இருந்தால் அது இதை அலட்சியமாகச் சுமந்துகொண்டு ஓடியிருக்கும்.

பாரம் அதிகமானால் உடனே டயர் வெடித்துவிடுவதில்லை. உருளும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடிந்து நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கை சுடுவது போல், ரப்பரும் சூடேறுகிறது. காற்றுக் குறைந்தால் மடிப்பு அதிகம். வேகம் கூடினால் அடிக்கடி மடிகிறது. வெயில் தன் பங்கைச் சேர்க்கிறது. சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும் எஃகுக் கம்பிப் பட்டைகளை ஒட்டியிருக்கும் ரப்பரின் பிடி தளர்ந்து தோல் கழன்று வருகிறது. ஆகையால்தான் காலையில் வாசலில் நல்லபடியாக இருந்த டயர் மத்தியானம் நடுச்சாலையில் போகிறது. டெக்ஸாஸில் ஆஸ்டினுக்கும் ஸெகினுக்கும் நடுவில் 2012இல் திறந்த சாலையில் மணிக்கு 85 மைல் வரை போகச் சட்டமே அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்ததை டயர் அனுமதிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை.

இந்தப் பாடம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 2000ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. பெரும்பாலும் போர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டியிருந்தவை அவை. தோல் கழன்று வண்டி கவிழ்ந்து 270 பேருக்கு மேல் மாண்டதாக அரசாங்கம் கணக்கிட்டது. டயரின் செய்நேர்த்தி மோசம் என்று ஒரு சாரார். 26 பவுண்டு போதும் என்று வண்டிக் கம்பெனி சொன்னதுதான் மோசம் என்று மறு சாரார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு உறவு கொண்டாடிய இரண்டு கம்பெனிகளும் மறு வருஷம் பிரிந்தன. 2000ஆம் வருஷத்திலேயே இயற்றிய சட்டத்தின் பலனாக, 2007 செப்டம்பர் முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புது இலகு வண்டியிலும் காற்றுக் குறைந்தால் விளக்கெரியும் கருவி இருக்கிறது. நண்பரின் வண்டியிலும் இருந்தது. அது எரியவில்லை! சீட்டில் சொன்ன அளவிலிருந்து கால் பங்கு குறைந்தால்தான் அது எரியும். 35 பவுண்டு இருக்கும்போது அதன் அபிப்பிராயத்தில் எல்லாம் க்ஷேமம்.

சரி, டிரெய்லர் இழுக்கிறவர் என்ன டயர் வாங்குவது? முதலில் கடைக்குப் போகாமல் எடை மேடைக்குப் போகவேண்டும் என்பது நமது யோசனை. குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி, டிரெய்லரைப் பூட்டி, ஒவ்வொரு அச்சாக நிறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு டயரைப் பற்றி நினைக்கலாம். கொக்கியில் இறங்கும் பாரமும் லாரியில் ஏற்றிய சாமானாகவே கணக்கு. வண்டியின் சக்திக்கே மிஞ்சினால் எந்த டயரும் அதைச் சரிசெய்யாது. நண்பரின் பாரத்துக்கு சி ரகமே போதும்; 50 பவுண்டில் 1000 கிலோ. ஆனாலும் மிச்சம் இருக்கட்டும் என்று ஈ ரகத்தை வாங்கியதை நாம் குறை சொல்ல மாட்டோம். பூட்டிக்கொண்டு போகும் நாளில் பின் டயர்களில் 55 பவுண்டு அடித்தால் 1050 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். 80 பவுண்டு வரை அடித்துக்கொண்டு, டிரெய்லர் இல்லாத நாளிலும் அப்படியே ஓட்டுகிற சிலர் இருக்கிறார்கள். வெறும் லாரி அப்போது தவளை போல் தத்திச் செல்லும்; டயர் நடுவில் மட்டும் தேயும்; மழையில் பிடிப்பும் குறையும். காற்றை அளப்பது காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றைத் திறந்து விடுவது பெரிய பிசகு.

கடையில் கண்ணைப் பறிக்கிற டயர் ஒன்று உண்டு. சேற்றிலும் கல்லிலும் ஏறுவதற்கென்று ஆழமான வெட்டுக்களுடன், பார்ப்பதற்கு முதலை முதுகு போல் இருக்கும். வயலுக்கும் காட்டுக்கும் போகாதவர் இதை வாங்குவது வீண். உயரமான ரப்பர்க் கட்டிகள் தார்ச் சாலையில் நெளிந்து நெளிந்து சூட்டைத்தான் வளர்க்கும். பாரம் இழுக்கையில் வண்டி நேராக நிற்காமல் அலையும். நீளவாக்கில் கோடுகள் ஓடும் சாதாரண நெடுஞ்சாலை டயரே டிரெய்லருக்கு உத்தமம். எதை வாங்கினாலும் ஒரே அச்சில் இரண்டு ஜாதியைக் கலக்கக் கூடாது. 65 பவுண்டுக்கு மேல் காற்று வேண்டியிருந்தால் சாதாரண ரப்பர் வால்வு தாங்காது. உலோக வால்வு போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்கும் அந்தக் காற்றைத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரெய்லருக்குத் தனி டயர் உண்டு, 'எஸ்.டி.' என்று அதில் போட்டிருக்கும். நெளியாத விறைத்த சுவர் அதற்கு. அதை லாரியில் மாட்டவே கூடாது. அதிலும் வேகக் குறி ஒன்றும் இல்லாத பழைய மாதிரியானால் மணிக்கு 65 மைலுக்கு மேல் போகக் கூடாது. வருஷத்தில் பதினொரு மாதம் வெயிலில் நின்று தவம் செய்கிற டயர்கள் இவை. தேய்மானமே இல்லாமல் புதுசு போல் இருக்கும். உள்ளே ரப்பர் கிழடாகிவிட்டிருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களுடன் வரும் குறியின் கடைசி நான்கு எண்கள் அதன் ஜாதகம்: 3519 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்து 35ஆவது வாரத்தில் பிறந்தது. ஆறு வருஷம் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். பத்து வருஷம் தாண்டினால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இவ்வளவையும் நண்பருக்கு எழுதினோம். அவர் எடை மேடைக்குப் போய்வந்து, நாம் உத்தேசித்த 1750க்குப் பதில் 1790 என்று திருத்தி எழுதினார். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பியது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்ததாம். இப்போது தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய், தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்கிறார். பின் டயர்கள் இரண்டையும் மாற்றி 55 பவுண்டு அடித்தாயிற்று. வில்தண்டுக் கொக்கிக்கும் சொல்லிவைத்திருக்கிறார். ஆனால் அன்று நடுச்சாலையில் கழற்றி மாட்டினாரே ஸ்டெப்னி, அதை மறுபடி லாரியின் அடியில் தொங்கவிட்டிருப்பதாகக் கடிதத்தின் மூலையில் ஒரு வரி இருந்தது. அதன் கடைசி நான்கு எண்கள் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.