அஸருக்குப் பின் வரும் பசி



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மூன்று முறை வாசித்தேன். எழுதியவர் ஒரு சகோதரி. பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவர் மௌத்தாகி நான்கு வருடங்கள். மூன்று பிள்ளைகள். மாலையில் ரோல்ஸும் பெட்டிஸும் பொரித்து இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். குடும்பம் ஓடுவது அந்த வருமானத்தில்தான். சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை குடிக்கிறார். எட்டுக் கிலோ நிறை குறைக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி, நாளொன்றுக்கு 1500 கலோரி என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள்.

சுபஹிலிருந்து அஸர் வரை அந்தத் தாளில் உள்ளதை விடவும் குறைவாகவே சாப்பிடுகிறாராம். அஸர் தொழுதுவிட்டு எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் கைவிட்டுப் போகிறது. உடைந்த ரோல்ஸ், வெடித்த பெட்டிஸ், ருசி பார்க்க ஒன்று என்று மஃரிபுக்குள் நான்கு ஐந்து உள்ளே போய்விடுகின்றன. இஷாவுக்குப் பின், பிள்ளைகள் தூங்கியதும் மிக்ஸர் போத்தல். பிறகு அழுகை. உறவுக்காரப் பெண்ணொருவர், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்குரியது என்ற ஹதீஸைச் சொல்லி, "உனக்கு நஃப்ஸை அடக்கத் தெரியவில்லை" என்று கண்டித்திருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "ஹஸரத், நோன்பு பிடித்தால் மஃரிப் வரை ஒரு துளித் தண்ணீர் இல்லாமல் இருக்கிறேன். அந்த நாட்களிலும் இதே ரோல்ஸைத்தான் பொரிக்கிறேன், ஒன்றையும் வாயில் வைப்பதில்லை. மற்ற நாளில் ஐந்து மணியைத் தாண்ட முடியவில்லையே. என்னுடைய ஈமானில்தான் கோளாறா?"

சகோதரியே, உங்கள் ஈமானைப் பற்றிப் பேசுமுன் உங்கள் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். நான் வைத்தியன் அல்லன். ஆனால் ஏழு வருடங்களாக நானும் இதே வருத்தக்காரன். இதே பிழையைச் செய்து விழுந்தவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஒரு கரண்டி சீனி போட்ட பிளேன்டீயும் இரண்டு கிறீம் கிரேக்கர் பிஸ்கட்டும். இது 90 கலோரிக்கு மேல் வராது. பகலில் ஒரு கோப்பைச் சோறு, கொஞ்சம் கீரை, சிறு துண்டு மீன், சொதி. சோறு சுமார் 200, மற்றவை ஒரு 150. ஆக அஸர் வரை உங்கள் உடம்புக்குப் போனது 450 கலோரிகூட இல்லை. கிளினிக் தந்த கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் பாக்கி. அந்தப் பாக்கியைத்தான் உடம்பு ஐந்து மணிக்கு வந்து கேட்கிறது. கடன்காரன் கடனைக் கேட்டால் அவனை ஷைத்தான் என்று சொல்லலாமா?

அதுவும் எந்த நேரத்தில் கேட்கிறது! மனிதனின் உடம்புக்குள் ஓடும் கடிகாரமே பசியை மாலையில் கூட்டுகிறது. ஃபிராங்க் ஷீர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் சிலரைப் பகல் இரவு தெரியாத மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 2013 இல் இதை வெளியிட்டார்கள். சாப்பிட்ட நேரம், தூங்கிய நேரம் எதுவாக இருந்தாலும், உடம்பின் கடிகாரப்படி காலை எட்டு மணியளவில் பசி மிகக் குறைவு, இரவு எட்டு மணியளவில் மிக அதிகம். இனிப்பிலும் உப்பிலும் மாப்பண்டத்திலும் ஆசை எழுவதும் அதே இரவு வேளையில்தான். காலையில் உங்களுக்குப் பசிப்பதில்லை என்பதை நம்பிச் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறீர்கள். தள்ளி வைத்த சுமை முழுவதும் பசி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் தாச்சிக்கு முன்னால் வந்து விழுகிறது.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், 1944-45 இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் உணவைப் பாதியளவுக்குக் குறைத்து வைத்துப் பார்த்தார். மனச்சாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் தம் மதக் கொள்கையின் பேரில் அப்படி மறுத்தவர்கள். உறுதியில் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. அவர்களுடைய நிலை என்னவாயிற்று? பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். வயிற்றை அளவுக்கு மீறிச் சுருக்கினால் மனம் உணவையே சுற்றும். அது படைப்பின் இயல்பு.

பசி தன்னளவில் ஒரு சிறப்பு என்று நம் பெண்களில் பலர் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பசியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். அபூதாவூதில் அந்தத் துஆ பதிவாகியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்ற ஹதீஸும் வயிற்றை முட்ட நிரப்புவதைக் கண்டிக்க வந்தது. காலையில் பட்டினி கிடந்து இரவில் நிரப்பும் உங்கள் வழக்கம் அந்த ஹதீஸின்படியும் சரிவராது. உறவுக்காரர் சொன்னது ஸஹீஹான ஹதீஸ்தான், சொன்ன இடம்தான் பொருந்தவில்லை.

நோன்பு விடயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்கள் கேள்வியின் உயிர். ரமழானில் இதே தாச்சி, இதே எண்ணெய் வாசனை, ஆனால் கை போவதில்லை. முதலாவது, நீங்கள் ஸஹர் சாப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது, நிய்யத் வைத்த பின் தீர்மானிப்பதற்கு ஒன்றும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது. மற்ற நாளில் கதவு அரைவாசி திறந்திருக்கிறது. ஒவ்வொரு ரோல்ஸையும் எடுக்கும்போது "சாப்பிடலாமா, வேண்டாமா" என்று ஐம்பது தடவை உங்களோடு நீங்களே வழக்காடுகிறீர்கள். ஐம்பதில் நான்கைந்து தடவை தோற்காத மனிதர் யார்? மூன்றாவது, வயிறு நேரம் பழகும். நோன்பின் முதல் நாட்களில் பகல் ஒரு மணிக்கு வயிறு கிள்ளும், பத்து நோன்பு போனால் அந்தக் கிள்ளல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999 இல் கண்டறிந்த கிரெலின் என்ற சுரப்பு இரைப்பையில் உண்டாகிறது. நாம் வழமையாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது இரத்தத்தில் கூடுகிறது. நான்கு வருடங்களாக ஐந்து மணிக்கு ரோல்ஸ் போன வயிறு ஐந்து மணிக்குக் கேட்கத்தான் செய்யும்.

ஆகவே அஸர் நேரத்தையும் நோன்பைப் போல முடிவான நேரமாக்குங்கள். வெறும் வயிற்றோடு அல்ல, சாப்பிட்டுவிட்டு. காலையில் ஒரு குரக்கன் ரொட்டி, ஒரு முட்டை, பருப்பு: ஒரு 350 கலோரி. பகலில் அதே ஒரு கோப்பைச் சோறு, ஆனால் மீனையும் கீரையையும் கூட்டுங்கள்: 450 என்று வையுங்கள். அஸர் தொழுததும், அடுப்பை மூட்டுவதற்கு முன், பிள்ளைகளோடு உட்கார்ந்து அவித்த கடலை அல்லது கௌப்பி நூறு கிராம் அளவு, வெங்காயமும் கொச்சிக்காயும் எலுமிச்சைப் புளியும் போட்டு, அதோடு ஒரு அவித்த முட்டை. எல்லாம் சேர்ந்து 250க்குள் அடங்கும். பிறகு சீனியில்லாத பிளேன்டீ. இரவுக்கு இன்னும் 450 கலோரி மிச்சம். கணக்கு 1500 தான், ஒரு கலோரியும் கூடவில்லை. நேரம் மட்டுமே மாறியிருக்கிறது. கடலையில் உள்ள புரதமும் நாரும் மெதுவாகச் சமிப்பவை, மஃரிபைத் தாண்டியும் நிற்கும். ஒரு ரோல்ஸ், அளவைப் பொறுத்து, 200 கலோரி அளவில் வந்துவிடும். ஆனால் அரை மணி நேரத்துக்குக்கூட நிற்காது.

இடையில் ஒன்று. சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி கடித்துப் பிளேன்டீ குடித்தால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அந்த நம்பிக்கை இருந்தது. ருசி வேறு, கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. இரத்தத்தில் சீனியை அதுவும் கூட்டும்.

உடைந்ததை எறிந்தால் இஸ்ராஃப் ஆகிவிடுமே என்ற உங்கள் பயத்தை மதிக்கிறேன். ஆனால் ஸூரத்துல் அஃராஃபின் 31ஆவது வசனத்தை நினைத்துப் பாருங்கள். வீண்விரயத்தை அல்லாஹ் அங்கே தடுப்பது உண்பதையும் பருகுவதையும் சொன்ன கையோடுதான். உடம்புக்குத் தேவையில்லாததை வயிற்றில் போடுவதும் இஸ்ராஃப்தான். உடைந்தவற்றை மூடியுள்ள ஒரு பாத்திரத்தில் போட்டு, மஃரிபுக்குப் பின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஸதகாவாகவும் ஆகும். ருசி பார்ப்பதானால் ரோல்ஸுக்குள் வைக்கும் கறியை, சுற்றுவதற்கு முன், ஒரே ஒரு தேக்கரண்டி. ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் போட்டதன் பின் ருசி பார்ப்பதால் எதையும் திருத்த முடியாது அல்லவா?

இனி என் கதை. நீங்கள் குளிசை குடிப்பதாக எழுதியிருப்பதால்தான் சொல்கிறேன். எனக்கு வருத்தம் கண்ட முதல் வருடம், டொக்டர் சொன்னதை விட வேகமாக நிறையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று பகல் சாப்பாட்டை நிறுத்தினேன். குளிசையை நிறுத்தவில்லை. ஒருநாள் அஸருக்குப் பின் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடும் பசி. கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, கிதாபின் எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்தன. இது நஃப்ஸின் தொல்லை, அடக்க வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தொடர்ந்தேன். என்ன பேசினேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை. ஹஸரத் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதுகிறார் என்று பிள்ளைகள் பயந்திருக்கிறார்கள். தகப்பனுக்குச் சீனி வருத்தம் உள்ள மாணவன் ஒருவன் ஓடிப்போய்ச் சீனி கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தான். அவனுக்குப் பதினான்கு வயது. நாற்பதை நெருங்கிய எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அது பசியல்ல, இரத்தத்தில் சீனி விழுந்துபோன நிலை. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. மெட்போமின் மட்டும் குடிப்பவருக்கு இது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை குடிப்பவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும், சாப்பாட்டைத் தவறவிட்டால் எளிதில் வரும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் இவற்றோடு பசி வந்தால் கலோரிக் கணக்குப் பார்க்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், குறையாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். குணமான பின் ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை உங்கள் மூத்த பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். திங்கள், வியாழன் ஸுன்னத்தான நோன்பு பிடிக்கலாமா என்ற கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. குளிசையின் பெயரை டொக்டரிடம் காட்டிக் கேட்காமல் பிடிக்க வேண்டாம்.

இஷாவுக்குப் பின் வரும் மிக்ஸர் ஆசைக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பிள்ளைகளோடு முடித்துவிட்டு மிஸ்வாக் செய்துவிடுகிறேன். சுத்தமான வாயில் மறுபடி எதையாவது போட மனம் கொஞ்சம் தயங்குகிறது. அந்தக் கொஞ்சத் தயக்கமே பல இரவுகளில் போதுமாக இருந்திருக்கிறது. மிக்ஸர் வேண்டுமானால் பிள்ளைகளுக்குச் சிறு பொட்டலமாக வாங்குங்கள், போத்தலில் நிரப்பி வைக்காதீர்கள். பதினொரு மணி வரை விழித்திருந்து பெட்டிஸுக்கு மா பிசைவதாக எழுதியிருந்தீர்கள். முடியுமானால் அந்த வேலையைச் சுபஹுக்குப் பின் வையுங்கள். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது சாப்பாட்டு நேரத்தை இப்படி மாற்றியிருப்பதை அங்கே சொல்லுங்கள். குளிசையின் நேரத்தையும் அளவையும் அவர்கள் பார்க்க வேண்டி வரலாம். போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். வலீமா வீட்டுச் சஹன் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு அப்போது, இன்ஷா அல்லாஹ், ஏதாவது எழுதப் பார்க்கிறேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்த சஹனில் அளவாகச் சாப்பிட்டு எழும்புவது எப்படி என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.