பொழுது விடிந்தது தெரியாத குரல்

காலை நேரத்து ரேடியோவைப் பற்றிப் படித்தவர்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் மிகவும் எளிமையானது. நாலு பாட்டு, இரண்டு விளம்பரம், நடுவில் கொஞ்சம் பேச்சு. இதற்கு ஓர் அறிவிப்பாளர் போதாதா, தயாரிப்பாளர் என்று வேறொருவர் எதற்கு என்று கேட்கிறார்கள். தங்கள் வீட்டில் சமையல் தானாகவே ஆகிவிடுகிறது என்று நம்புகிறவர்களும் இவர்களே!

இது வெறும் அறியாமையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்போது இது சிக்கனத்தின் பெயரால் ஒரு கொள்கையாகவே ஆகிவருகிறது. தலைநகரத்தில் ஒருவர் பேசட்டும், ஊர்தோறும் உள்ள நிலையங்கள் அதை வாங்கி அஞ்சல் செய்யட்டும். நேற்றுச் சாயங்காலம் பதிவு செய்த 'காலை வணக்க'த்தை இன்று காலை ஒலிபரப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்கள். எனக்குத் தெரிகிறது. ஆகவேதான் எழுதுகிறேன்.

நேரடிக் காலை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் செய்கிற காரியம் என்ன? ஊர் எழுவதற்கு முன் எழுந்து நிலையத்துக்கு வந்தாக வேண்டும். பாட்டு எது, எத்தனை நிமிஷம், அதற்கு அடுத்தது என்ன என்று வினாடிக் கணக்கோடு தாள் தயாராக வேண்டும். டில்லியிலிருந்து காலை 7.15-க்குத் தமிழ்ச் செய்தி அஞ்சலான காலத்தில், 7.15 என்றால் 7.15தான். பாட்டு இன்னும் ஒரு சரணம் பாக்கி என்பதற்காகச் செய்தி காத்திருக்காது. தொலைபேசியில் வருவதாகச் சொன்ன டாக்டர் வராமல் போனாலும், அடுத்ததாக ஒன்று கைவசம் இருக்க வேண்டும். ஐந்து வினாடி மௌனம் நேர்ந்தால் போதும், கேட்கிறவர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். கதை எழுதுகிற எனக்கு, அச்சுக்குப் போகிற வரையில் அடித்துத் திருத்த அவகாசம் உண்டு. போய்விட்ட வினாடியை எந்தத் தயாரிப்பாளரும் அடித்துத் திருத்த முடியாது.

ஆனால், வினாடியைக் காப்பது அவருடைய வேலையில் பாதிதான். மறுபாதி, தாம் எழுதிய தாளைத் தாமே கிழித்துப் போடத் தெரிவது. அதற்கு அவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஊர்ப் பக்கத்திலேயே விழித்திருக்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள சிறு பேரூர். 1967-இல் தொடங்கிய புதுச்சேரி வானொலிதான் இந்தப் பக்கத்துக்கு அண்டை வீட்டு வானொலி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன.

அப்படிப்பட்ட காலைப் பொழுதில் அனந்தபுரத்துக்காரருக்கு என்ன தெரிய வேண்டும்? முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போகலாம்? ரயில் உண்டா? தென்பெண்ணைக் கரையில் வாழ்க்கைப்பட்ட மகளின் ஊர் எப்படி இருக்கிறது? முதல் நாள் சாயங்காலமே சிரித்துப் பேசிப் பதிவாகிவிட்ட குரலிடம் இதற்குப் பதில் ஏது? பொழுது விடிந்ததே தெரியாத குரல் அது. 'இந்த இனிய காலையில்' என்று அது வெள்ளத்துக்கு வாழ்த்துச் சொல்லும்.

"கையிலே கைபேசி இருக்கிறது, எல்லாம் அதிலேயே வந்துவிடும்" என்பார்கள். வரும், வாஸ்தவம்தான். அணை உடைந்தது என்ற வதந்தியும், உடையவில்லை என்ற மறுப்பும், போன வருஷத்து வெள்ளத்தின் படமும் ஒன்றாகவே வரும். மூன்றில் எது மெய் என்று கலெக்டர் அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அத்துடன், இரண்டு நாள் மின்சாரமில்லாத வீட்டில் கைபேசிக்கு எத்தனை நாழிகை ஆயுள்? இரண்டு பாட்டரியில் ரேடியோ எத்தனை நாள் பேசும்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

"தனியார் எஃப்.எம். நிலையங்களுக்குத்தான் செய்தி சொல்ல அனுமதியில்லையே" என்று மற்றொரு சமாதானம். சொந்தமாகச் செய்தி தயாரிக்கத்தான் தடை. வானிலையும், போக்குவரத்தும், இயற்கைச் சேதமும் சொல்லலாம் என்று 2011-ஆம் ஆண்டுக் கொள்கையே இடம் கொடுத்திருக்கிறது. இல்லாதது அனுமதியல்ல, விடியற்காலையில் ஓர் ஆளை உட்கார்த்தி வைக்கிற மனம்.

ஒலிப்பதிவை நான் இகழவில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' நேரடியாகப் பேசப்பட்டதல்ல. அதனால் அதன் மதிப்பு குறையவுமில்லை. அது தன்னை நேரலை என்று சொல்லிக்கொண்டதில்லை. நேற்றைய சரக்கை இன்று கறந்த பால் என்று விற்பதைத்தான் மோசடி என்கிறேன்.

ஊர் ரேடியோவால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் தஞ்சாவூர் ஜில்லாவைக் கேட்கட்டும். 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பைக் கேட்டு விவசாயிகள் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அதே 1966-இல்தான் அகிலன் சென்னை வானொலியில் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். தி. ஜானகிராமனும் வானொலியில் கல்வி ஒலிபரப்பைத் தயாரித்தவர். நீங்கள் கொண்டாடும் நாவலாசிரியர்கள் உட்கார்ந்த நாற்காலி அது. இன்றோ, நிலையத்தின் காலைப் பொழுதைத் தூக்கிச் சுமப்பவர்களில் பலர் தற்காலிக ஊழியர்கள். மாதத்தில் ஆறு நாள் வேலை கொடுத்து, மற்ற இருபத்து நாலு நாளும் அவர்களுடைய சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிற வழக்கம் வெகுகாலம் நடந்திருக்கிறது. ஆறு நாள் மட்டும் வயிறு உள்ள மனிதரை எந்தச் சிருஷ்டிகர்த்தா படைத்தான்?

கேட்பது அதிகமில்லை. பதிவு செய்ததைப் பதிவு செய்தது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் காலை நேரத்தில், தாளைக் கிழிக்க அதிகாரமும் மாதம் முழுவதற்கும் சம்பளமும் உள்ள ஒருவரை விழித்திருக்க வையுங்கள். அதற்கு ஆகும் செலவு வீண் என்பவர்கள், இத்தனை வருஷமாகத் தங்கள் தெருவில் வெள்ளம் வரவில்லையே, தெருக்கோடியில் படகு எதற்கு என்றும் கேட்பார்கள். தண்ணீர் வந்த பிறகு அவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிராது.